தேய்ந்த அச்சின் மறுவாழ்வு

மாட்டு வண்டியில் அச்சு சுழல்வதில்லை. சக்கரம் மட்டுமே அதைப் பற்றிக்கொண்டு சுழல்கிறது. இழுப்பது மாடு, தாங்குவது அச்சு, உருள்வது சக்கரம். அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொள்வதால், மசகு போட்டு வைத்தால் ஒரு வண்டியச்சு இரண்டு தலைமுறைக்கு உழைத்தது. மோட்டார் வண்டியில் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. எஞ்சினிலே பிறக்கும் ஆற்றல் சக்கரத்தைப் போய்ச் சேர வேண்டுமானால், இடையிலே ஒரு தண்டு சுழன்றுதான் ஆக வேண்டும். அந்தத் தண்டு உந்துவது முன்சக்கரம் என்றால் தொல்லை இன்னும் பெரிது. முன்சக்கரம் இடமும் வலமும் திரும்ப வேண்டும். மேடு பள்ளத்துக்கு ஏற்ப எழுந்து தாழ வேண்டும். இத்தனைக்கும் நடுவே தடையின்றிச் சுழலவும் வேண்டும். வளையாத இரும்புத் தண்டைக் கொண்டு இதை எப்படிச் சாதிப்பது? அதற்குத்தான் தண்டின் இரு முனையிலும் மூட்டு வைத்தார்கள். நம் பட்டறைகளில் இதனைச் சி.வி. ஆக்சில் என்பார்கள், மாறாத வேகம் தரும் மூட்டுடைய அச்சு என்பது அதன் பொருள்.

இத்தகைய அச்சு தேய்ந்துபோனால் அதைப் பிரித்துப் பழுது நீக்கி மறுபடியும் ஓட வைக்க முடியுமா, முடியுமானால் எதுவரை முடியும் என்பதைக் குறித்தே இன்று மாணவ நண்பர்களாகிய உங்களோடு பேச விரும்புகிறேன். நான் மோட்டார்ப் பொறியியல் கற்பிக்கும் ஆசிரியன். என் சொந்த ஊர் மூங்கில்துறைப்பட்டு. சாத்தனூர் அணையைத் தாண்டி வரும் தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த ஊர். 2019ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்திலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்தபோது இவ்வூரும் அதனுடன் சேர்ந்தது. இங்கே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரைவைப் பருவம் தொடங்கிவிட்டால் கரும்பு ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் சாலையோரத்தில் வரிசை பிடித்து நிற்கும். வண்டி நிற்கும் ஊரில் பட்டறை இருப்பது இயல்புதானே? விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் நான் போய் உட்காருவது அப்படிப்பட்ட ஒரு பட்டறையில்தான். அதன் மேஸ்திரிக்கு எழுபது வயதை நெருங்குகிறது. நான் வகுப்பில் சொல்வதில் பாதியை அவர் கையில் பார்த்துத்தான் தெளிந்தேன்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடுகிறேன். கரும்பு லாரியின் பின்னச்சில் இந்த மூட்டைத் தேடாதீர்கள். அங்கே தண்டு இரண்டும் கனத்த இரும்புக் கூட்டுக்குள் நேராகக் கிடக்கின்றன. வளைய வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. இந்த மூட்டு இருப்பது முன்சக்கரம் உந்தும் கார்களிலும், நான்கு சக்கரமும் உந்தும் ஜீப்புகளிலும், மலைச்சாலைக்கென்று வாங்கப்படும் நான்கு சக்கர உந்துதலுடைய சிறு லாரிகளிலும் ஆகும். எங்கள் ஊருக்கு அப்பால் கல்வராயன் மலை நிற்பதால், அத்தகைய சிறு லாரிகள் எங்கள் பட்டறைக்கு அடிக்கடி வந்துபோகும்.

வளையும் மூட்டு என்பது பழைய எண்ணம். சுருள்வில் விதியால் உங்களுக்குப் பாடப்புத்தகத்தில் அறிமுகமான இராபர்ட் ஹூக் என்னும் அறிஞர், 1676இல் வெளியிட்ட நூலொன்றில் இரண்டு கவைகளை நடுவே ஒரு சிலுவையால் கோத்த மூட்டை விவரித்திருக்கிறார். வானநூற் கருவிகளுக்காக அவர் எண்ணிய அந்த மூட்டே இன்று லாரியின் அடியில் நீண்டு ஓடும் தண்டிலே இருக்கிறது. மெக்கானிக்குகள் அதனைக் ‘கிராஸ்’ என்பார்கள். எளிமையானது, வலிமையானது. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. மூட்டு வளைந்திருக்கும்போது, ஒருபுறத்துத் தண்டு சீராகச் சுழன்றாலும் மறுபுறத்துத் தண்டு சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தயங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வளைவுக் கோணத்தின் கோசைன் மதிப்பால் வேகத்தைப் பெருக்கினால் தயங்கும் வேகமும், வகுத்தால் விரையும் வேகமும் கிடைக்கும். 30 பாகை வளைவில் கோசைன் 0.866. ஆகவே நிமிடத்துக்கு 100 சுற்று வேகத்தில் சீராக ஓடும் தண்டு, மறுமுனையில் ஏறத்தாழ 87க்கும் 115க்கும் இடையே ஊசலாடும். நேர்ச்சாலையில் பின்சக்கரத்துக்குச் செல்லும் தண்டில் வளைவு சிறிது. இரண்டு மூட்டுகளை உரிய முறையில் எதிரெதிராக வைத்து அந்த ஊசலையும் தீர்த்துவிடலாம். முன்சக்கரத்தை முழுக்கத் திருப்பும்போதோ ஸ்டியரிங் கையிலே உதறும், டயர் அதிரும்.

இதனைத் தீர்க்கும் வழியைப் பலர் தேடினார்கள். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஆல்பிரட் செப்பா என்னும் பொறியாளர் 1920களின் பிற்பகுதியில் கண்ட அமைப்பே இன்று பெருவழக்கில் நிற்கிறது. மணி போன்ற ஒரு கிண்ணம். அதன் உட்சுவரில் ஆறு வரித்தடங்கள். கிண்ணத்தினுள்ளே நட்சத்திரம் போன்ற ஓர் உருண்டைக் கட்டி. அதன் மேலும் ஆறு வரித்தடங்கள். இரண்டு தடங்களுக்கும் நடுவே ஆறு எஃகுக் குண்டுகள். குண்டுகளைச் சிதறாமல் பிடித்துக்கொள்ள ஆறு சன்னல் உடைய ஒரு கூண்டு. மூட்டு எவ்வளவு வளைந்தாலும் இந்தக் கூண்டு ஆறு குண்டுகளையும் வளைவுக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே நிறுத்துகிறது. அந்தத் தளத்தில் உள்ள எந்தப் புள்ளியும் இருபுறத்து அச்சுக்கோடுகளுக்கும் சம தூரத்தில் இருக்கும். தூரம் சமமானால் சுழல் வேகமும் சமம். வடிவ கணிதத்தில் கோணத்தின் இருசமவெட்டியை வரையும்போது, அது லாரியின் சக்கரத்துக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? எனக்கு மாணவப் பருவத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

இரண்டாம் உலகப் போரின் ஜீப்புகளில் இவ்வகை மூட்டும், இதற்குப் போட்டியாக வந்த வேறு சில மூட்டுகளும் இருந்தன. 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த மினி கார் இதனைச் சிறு குடும்பங்களின் வண்டிக்குக் கொண்டு சேர்த்தது. நம் நாட்டில் 1983 டிசம்பரில் மாருதி 800 தெருவுக்கு வந்த பிறகுதான், ஊர்தோறும் உள்ள மெக்கானிக்குகள் இந்த மூட்டைக் கையாளக் கற்றார்கள்.

இனி, இது எப்படிக் கெடுகிறது என்பதைப் பார்ப்போம். மூட்டின் மேல் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். பட்டறையில் இதற்குப் ‘பூட்’ என்று பெயர். அந்த உறை உள்ளிருக்கும் கிரீஸைக் காக்கிறது. கிரீஸ் குண்டுகளைக் காக்கிறது. உறை கிழிந்தால் சுழற்சியின் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறித்து, சக்கரத்தின் உட்புறமெல்லாம் கருமையாக அப்பிக்கொள்ளும். கிரீஸ் போன வழியே நீரும் மணலும் புகும். அதன்பின் மூட்டுக்குள் நடப்பது சாணை பிடிப்பதுதான். எங்கள் பக்கத்தில் உறை கிழிவதற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. கரும்பு வெட்டிய வயலில் கட்டைகள் ஈட்டி போல் கூராக நிற்கும். சுமை ஏற்ற வயலுக்குள் இறங்கும் சிறு லாரியின் அடியில் அந்தக் கூர் பட்டால் உறை தாங்காது. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின் மழையால் சாத்தனூர் அணை திறக்கப்பட்டுப் பெண்ணையில் பெருவெள்ளம் வந்ததே, அதன்பின் சில வாரங்கள் எங்கள் மேஸ்திரி பிரித்த மூட்டுகளில் கிரீஸுக்குப் பதில் வண்டலே இருந்தது.

கெடுதியை மூட்டு முன்கூட்டியே அறிவிக்கும். வண்டியை முழுக்கத் திருப்பி மெல்ல ஓட்டும்போது ‘டக் டக்’ என்று சீரான ஒலி கேட்டால், சக்கரத்தை ஒட்டிய வெளி மூட்டு தேய்ந்திருக்கிறது. நேரே ஓடுகையில், வேகம் கூட்டும்போது வண்டி பக்கவாட்டில் உதறினால் கியர்ப்பெட்டிப் பக்கத்து உள் மூட்டை ஐயுற வேண்டும். இந்த ஒலியைக் கேட்டும் கேளாதவர் போல் ஓட்டுகிறவர்கள் பலர். அது பெருந்தவறு. முன்சக்கரம் மட்டும் உந்தும் வண்டியில் ஒருபக்கத்து மூட்டு உடைந்தால், எஞ்சின் ஆற்றல் முழுவதும் உடைந்த பக்கமே வீணாய்ச் சுழன்று ஓடிவிடும். சரிவிலே கியரைப் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது. நான்கு சக்கரமும் உந்தும் வண்டியில் பின்சக்கரம் கைகொடுக்கும் என்றாலும், உடைந்த தண்டு சாட்டை போல் சுழன்று பிரேக் குழாயை அறுத்துவிடக் கூடும். கொண்டை ஊசி வளைவில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

சென்ற மழைக்காலத்துக்கு முன்னர், வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு சிறு லாரி பட்டறைக்கு வந்தது. அதன் உரிமையாளர் மலைவாழ் குடியைச் சேர்ந்த இளைஞர். மரவள்ளிக் கிழங்கைச் சவ்வரிசி ஆலைகளுக்கு ஏற்றிச் செல்வது அவர் தொழில். இரவில் யாருக்கேனும் உடல்நலம் கெட்டால் மலையிறக்கிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு சேர்ப்பதும் அந்த வண்டிதான். முன்சக்கரங்கள் இரண்டிலும் ஒலி. புதிய அச்சு இரண்டு வாங்க அவரிடம் பணம் இல்லை. “எப்படியாவது இந்த மழை தாண்டும்படி செய்து கொடுங்கள், அண்ணே” என்றார். மேஸ்திரி உடனே விடை சொல்லவில்லை. “பிரித்துப் பார்த்துச் சொல்கிறேன், தம்பி” என்றார்.

பிரிக்கும் வேலையில் அவசரம் ஆகாது. வண்டியை ஜாக்கியில் தூக்கியவுடன் அடியில் உறுதியான தாங்கிகளை வைத்தார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பவரை அவர் தம் பட்டறையில் நிற்க விடுவதில்லை. ஹப்பின் நடுநட்டைக் கழற்றி, சக்கரத் தாங்கியை விலக்கி, அச்சை வெளியே எடுத்தார். மூட்டைத் திறக்குமுன் கிண்ணம், கூண்டு, நட்சத்திரக் கட்டி மூன்றின் மேலும் நேர்க்கோட்டில் வெள்ளை வண்ணத்தால் புள்ளி வைத்தார். பல்லாயிரம் மைல் ஒன்றோடொன்று உரசிப் பழகியவை அவை. எந்தக் குண்டு எந்தத் தடத்தில் ஓடியதோ அந்தத் தடத்துக்கே அது திரும்ப வேண்டும். பிறகு கட்டியைச் சாய்த்துச் சாய்த்து, சன்னல் வழியே குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஆறு குழி உள்ள பழைய பணியாரச் சட்டி ஒன்றில் வரிசை மாறாமல் வைத்தார். அந்தச் சட்டி வேறெந்தப் பட்டறையிலும் நான் காணாத கருவி.

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பிறகு சோதனை தொடங்கிற்று. தடத்தின் குறுக்கே விரல் நகத்தை ஓட்டினார். வெறும் பளபளப்பு இருந்தால் குற்றமில்லை. நகம் தடுக்கினால் அந்தத் தடம் போயிற்று. குண்டைக் கூண்டின் சன்னலில் வைத்து அசைத்தார். இறுக்கமாக உட்கார வேண்டியது கலகலத்தால், அந்தக் கூண்டு இனிக் குண்டைச் சரியான தளத்தில் நிறுத்தாது. எங்கேனும் நீலம் பாரித்திருக்கிறதா என்று பார்த்தார். எஃகு ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் சூடு கண்டால் நீலம் பூக்கும். பூத்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். தண்டின் பல்வரிகள் நேராக இருக்கின்றனவா, முறுக்கிக்கொண்டனவா என்பதையும் கவனித்தார். கடைசியாக விரிசல் சோதனை. பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, மேலே சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசிச் சற்று நேரம் விட்டார். கண்ணுக்குத் தெரியாத விரிசலில் ஒளிந்திருந்த எண்ணெய் மெல்லக் கசிந்து பொடியில் ஈரக் கோடாக எழுந்தது. இரயில் பட்டறைகளில் அச்சுகளைச் சோதிக்கக் கையாண்ட பழைய முறை இது. செலவில்லாதது, விஞ்ஞானத்துக்கு முற்றும் பொருந்தியது.

அந்தக் கோடு இடப்பக்கத்து மூட்டின் கூண்டில், ஒரு சன்னலின் மூலையில் எழுந்தது. அதன் தடங்களிலும் அம்மைத் தழும்பு போல் குழிகள். வலப்பக்கத்து மூட்டில் விரிசல் இல்லை; ஒருபுறத் தடச்சுவரில் மட்டும் லேசான தேய்வு. உள் மூட்டுகள் இரண்டும் நன்றாகவே இருந்தன.

இளைஞர் ஒரு யோசனை சொன்னார். லேத்துப் பட்டறை ஒன்றில் குழிகளை வெல்டிங்கால் நிரப்பிக் கடைந்து தருவதாகச் சொல்கிறார்களாம். தமக்குத் தெரிந்த ஒருவர் அப்படிச் செய்து ஆறு மாதம் ஓட்டினாராம். மேஸ்திரி சிரித்துக்கொண்டே, “ஓடிய ஆறு மாதத்தை எண்ணாதே தம்பி, நின்ற இடம் எது என்று கேள்” என்றார். பிறகு ஓர் அரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்து, கிண்ணத்தின் தடத்தை உரசச் சொன்னார். அரம் கண்ணாடியின் மேல் போவது போல் வழுக்கிற்று. கிண்ணத்தின் வெளிப்புறத்தில் ஓரிடத்தை உரசச் சொன்னார். அங்கே அரம் பிடித்தது, துகள் உதிர்ந்தது.

இங்கேதான் உலோகவியல் பாடம் இருக்கிறது. மூட்டின் எஃகு முழுவதும் ஒரே கடினம் உடையதன்று. குண்டு ஓடும் மேற்பரப்பை மட்டும், ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய ஆழத்துக்கு, வெப்பப் பதத்தால் கடினமாக்கியிருப்பார்கள். ராக்வெல் அளவையில் ஏறத்தாழ 60. உள்ளே எஃகு மென்மையாகவே இருக்கும். அதிர்ச்சியைத் தாங்க அந்த மென்மை தேவை. முழுவதும் கடினமாக இருந்தால் மூட்டு கண்ணாடி போல் உடையும். முழுவதும் மென்மையாக இருந்தால் ஒரே நாளில் தேயும். வெல்டிங்கின் சூடு இந்தப் பதத்தை அழித்துவிடுகிறது. மேலே வைத்த உலோகமோ குண்டின் அழுத்தத்துக்கு ஈடுகொடாமல் செதிலாக உரிகிறது. தடங்களை மிக நுட்பமாகச் சாணை பிடித்துச் சற்றே பெரிய குண்டுகளைப் போடும் தொழிற்சாலைகள் உலகில் உண்டு; அது முறையான புதுப்பித்தலே. ஆயினும் அங்கேயும் கடினத் தோலின் ஆழத்துக்குள்ளேயே சாணை நிற்க வேண்டும். அதற்கான பொறிகளும் அளவுகோல்களும் வேண்டும். எங்கள் ஊர்ப் பட்டறையில் அவை இல்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்லிக் காசு வாங்க மேஸ்திரி ஒப்பவில்லை.

பின் என்ன செய்வது? சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளின் பாகங்கள் கிடைக்கும் என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கிருந்து அதே வகை வண்டியின் பழைய அச்சு ஒன்றை வரவழைத்தார்கள். அதன் தண்டு துருவேறிக் குழிந்திருந்தது. உறை கிழியாததால் வெளி மூட்டு மட்டும் பழுதில்லாமல் இருந்தது. மூன்று அச்சுகளிலிருந்து இரண்டு நல்ல அச்சுகளை ஆக்கலாம் என்று மேஸ்திரி கணக்கிட்டார். புதிய அச்சின் விலையில் சிறு பகுதியே செலவாயிற்று.

அதிலும் ஒரு நுட்பம் செய்தார். இளைஞரின் வலப்பக்கத்து மூட்டை இடப்பக்கத் தண்டிலும், புதுப்பேட்டையிலிருந்து வந்ததை வலப்பக்கத் தண்டிலும் பூட்டினார். ஏன் தெரியுமா? வண்டி பெரும்பாலும் முன்னோக்கியே ஓடுகிறது. ஆகவே குண்டுகள் தடத்தின் ஒரு சுவரையே இடைவிடாமல் அழுத்துகின்றன. எதிர்ச்சுவர் ஏறக்குறையப் புதிதாகவே கிடக்கிறது. மூட்டைப் பக்கம் மாற்றினால் சுழலும் திசை அதற்கு எதிராகிறது. தேயாத சுவர் சுமையை ஏற்கிறது. தண்டுகளின் நீளம் வேறுபட்டாலும் வெளி மூட்டும் பல்வரியும் ஒன்றாக இருந்தால் இது செல்லும். ஒரு மூட்டின் கூண்டை இன்னொரு மூட்டின் கிண்ணத்தில் கலக்கத்தான் கூடாது.

கிரீஸைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸ் இதற்கு உதவாது. மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கருநிறக் கிரீஸே வேண்டும். அந்தச் சேர்மத்தில் மாலிப்டின அணுக்களின் அடுக்கு, மேலும் கீழும் கந்தக அணுக்களின் அடுக்குகளுக்கு நடுவே அமைந்திருக்கிறது. இத்தகைய ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று சீட்டுக்கட்டு போல் எளிதில் வழுக்கும். குண்டின் அழுத்தத்தில் எண்ணெய் பிதுங்கி ஓடினாலும் இந்த ஏடுகள் தடத்தில் ஒட்டிக்கொண்டு எஃகும் எஃகும் உராயாமல் காக்கும். எவ்வளவு கிரீஸ் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். அந்த அளவே போட வேண்டும். கூடுதலாகத் திணித்தால் உறை உப்பிப் பிதுங்கும்.

உறையைப் பொறுத்தவரை மேஸ்திரி பிடிவாதக்காரர். பழைய உறையை அவர் திரும்பப் போடுவதே இல்லை. சிலர் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கம்பியால் கட்டிவிடுவதுண்டு. டியூபின் ரப்பர் எண்ணெயில் ஊறினால் பருத்துத் தளர்ந்துவிடும். அதற்கென்றே செய்த உறை எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பரால் ஆனது. உள்ளே உள்ள எஃகையெல்லாம் காப்பாற்றிவிட்டு, மலிவான ரப்பரில் மிச்சம் பிடிப்பவரைக் கண்டால் எனக்கும் பொறுமை நிற்பதில்லை.

அச்சுகளைத் திரும்ப மாட்டும்போது சர்க்ளிப் தன் பள்ளத்தில் விழும் ஒலியைக் காது கொடுத்துக் கேட்டார். பின் இழுத்துப் பார்த்தார். ஹப்பின் நடுநட்டைப் புதிதாகப் போட்டு, கையேடு சொன்ன முறுக்குக்கு அளவு காட்டும் ஸ்பானரால் இறுக்கினார். பேரிங் தளராமல் நிற்பது அந்த இறுக்கத்தால்தான். கைக்கணக்கு இங்கே செல்லாது. வண்டியை ஆலைச் சாலையில் எட்டு வடிவத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒலி இல்லை.

இளைஞர் கூலியைக் கொடுத்தபோது மேஸ்திரி ஒரு நிபந்தனை விதித்தார்: பத்து நாள் கழித்து, கோமுகி அணைப் பக்கம் இறங்கும்போது வண்டியைக் கொண்டுவந்து உறையின் பட்டிகளைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். அவர் வந்தார். வண்டிக்கு அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். சக்கரத்தின் உட்புறம் உலர்ந்திருந்தது. விரிசல் விட்ட பழைய மூட்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதன் கிண்ணத்தைப் பக்கவாட்டில் அறுத்து, குண்டுகள் வெளியே தெரியும்படி என் வகுப்பறை மேசையில் வைத்திருக்கிறேன். மாணவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். சன்னல் மூலையில் உள்ள விரிசல் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பக்கத்திலேயே ஒரு சுண்ணக்கட்டியும் மண்ணெண்ணெய்ச் சீசாவும் இருக்கின்றன.